நாக்கு மரத்தால் பயப்பட வேண்டாம்

சாப்பாட்டுக்கடை வைத்திருப்பவருக்கு ஆள் வராவிட்டால் ஒரு பயம். வந்த ஆள் சாப்பிட்டுவிட்டுத் தன் கன்னத்தைத் தானே தட்டிப் பார்த்தால் ஒன்பது பயம். ஐந்தருவிக்குப் போகிற சாலையில் சின்னதாக ஒரு நேபாளச் சாப்பாட்டுக்கடை நடத்துகிற எனக்கு அந்த ஒன்பதும் தினசரி உண்டு. ஹோட்டல், மெஸ், டீக்கடை என்று எதையாவது வைத்துக்கொண்டு, வந்தவர் முகத்தையே பார்த்துப் பார்த்துப் பிழைக்கிற என் இனத்தார் யாராவது இதைப் படித்தால், ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு மேலே படிக்கவும்.

குற்றாலத்துக்கும் நேபாளத்துக்கும் என்ன சம்பந்தம் என்றால், என் வீட்டுக்காரர்தான் சம்பந்தம். அவர் பட்டாளத்தில் இருந்தவர். அங்கே கூட வேலை பார்த்த நேபாளி தில் பகதூர், சமையலில் கெட்டிக்காரர். இரண்டு பேரும் ஓய்வு பெற்று வந்து, கையில் கிடைத்த மொத்தத்தையும் ஒரே அடுப்பில் போட்டுவிட்டார்கள். என் வீட்டுக்காரருக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது. அவருக்கும் சேர்த்து நான் பயப்படுகிறேன்.

பகதூர் ஊருக்குப் போகும்போதெல்லாம் ஒரு துணிப்பை நிறைய டிமூர் கொண்டுவருவார். பார்க்க மிளகு மாதிரி இருக்கும். மோந்தால் நார்த்தங்காய்த் தோல் வாசம். கோழிக்கறியை உள்ளே வைத்துக் கொழுக்கட்டை போல ஆவியில் வேகவைக்கிற மோமோவுக்குத் தொட்டுக்கொள்ள ஒரு சட்னி உண்டு. சுட்ட தக்காளி, எள்ளு, உருண்டை மிளகாய், கூடவே இடித்த டிமூர். மிளகாய் எரிக்கும், அது நமக்குப் பழக்கம். டிமூர் நாக்கையும் உதட்டையும் விறுவிறுவென்று மரக்க வைக்கும், அது நமக்குப் பழக்கமில்லை. அரை மணி நேரத்தில் தானாகப் போய்விடும் என்பது சத்தியம். அந்த அரை மணி நேரத்தில் நான் படுகிற பாடுதான் இது.

முதல் நாக்கு

கடை திறந்த அன்று முதலில் வந்தவரே போலீஸ்காரர். அருவியில் கூட்டத்தை வரிசையில் விடுகிற டியூட்டி. சாரலில் நனைந்த தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். முதல் மோமோவைச் சட்னியில் நன்றாக முக்கிச் சாப்பிட்டார். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது பாதி வழியில் நின்றுவிட்டது.

அவர் உதட்டை விரலால் தொட்டார். கன்னத்தைத் தட்டினார். செல்போனை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்து, நாக்கை நீட்டிப் பார்த்தார். நான் கல்லாவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, கடை திறந்த அன்றே கைதாகிற முதல் பொம்பளை நானாகத்தான் இருப்பேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் கையைக் காட்டி என்னைக் கூப்பிட்டார். போனேன். ரொம்ப நிதானமாகக் கேட்டார்: "ஏம்மா, என் நாக்கு வாய்க்குள்ளதான் இருக்கான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லு."

கட்டடக்காரர்

எங்கள் கட்டடம் தென்காசிக்காரர் ஒருவருடையது. பிள்ளைகள் எல்லாம் சென்னையிலும் பெங்களூரிலுமாகப் போய்விட்டார்கள். கோயில் பக்கத்து வீட்டில் அவரும் மனைவியும் மட்டும். வெங்காயம்கூடச் சேர்க்காதவர். போலீஸ்காரர் நாக்கைத் தேடிய கதை எப்படியோ அவர் காதுக்குப் போய்விட்டது. மறுநாள் குடையோடு வந்து நின்றார். உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்று கடுகெண்ணெய் வாசத்தை ஒரு இழுப்பு இழுத்து, முகத்தைச் சுளித்தார்.

"அண்ணாச்சி, அது ஒண்ணும் செய்யாது. அவங்க நாட்டுல பச்சப்புள்ளைக்குக்கூடக் குடுக்காவ" என்றேன். பச்சப்பிள்ளைக்குக் கொடுப்பார்களா என்று எனக்குத் தெரியாது, பயத்தில் வந்துவிட்டது. அவர் குடையை மடக்காமலே சொன்னார்: "அந்தக் கதையெல்லாம் வேண்டாம்மா. யாராவது ஒருத்தர் இங்கன தின்னுட்டு விழுந்தாரு, மறுநாள் காலையில சாவிய நீயே வீட்டுல கொண்டு வந்து குடுத்துரணும்."

பந்திக்கு முந்திய பரீட்சை

அன்றிலிருந்து எனக்கு ஒரே வேலைதான். யார் விழப் போகிறார் என்று பார்த்துக்கொண்டே இருப்பது. அருவியில் குளித்துவிட்டு வருகிறவர்களைப் பற்றி உங்களுக்குத் தெரியுமே. உடம்பெல்லாம் எண்ணெய், பல் தந்தியடிக்கும், உதடு நீலம் பாய்ந்திருக்கும். சாப்பிடுவதற்கு முன்பே பாதி நோயாளியாகத்தான் உள்ளே வருகிறார்கள். இதில் நம் சாப்பாட்டால் வந்தது எது, குளிரால் வந்தது எது என்று யார் கண்டது?

சுரண்டையில் பாத்திரக்கடை வைத்திருக்கும் ஒருவர் குடும்பத்தோடு வந்தார். சின்னப்பிள்ளை ஒன்று சட்னியை நக்கிவிட்டு "யப்பா, வாயில கரண்ட் அடிக்கு" என்று அழ ஆரம்பித்தது. அவர் இலையை மூடுவது போல எல்லோருடைய தட்டையும் நகர்த்திவைத்துவிட்டு, சமைத்தவர் வெளியே வரட்டும் என்றார். பகதூர் வந்தார். ஒரு கரண்டிச் சட்னியை அவர் எதிரில் நின்று சாப்பிட்டார். "இந்தாளுக்குப் பழக்கம்" என்று பாத்திரக்கடைக்காரர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. அடுத்து என் வீட்டுக்காரர் சாப்பிட்டார். "பட்டாளத்தானுக்கு எதுவும் செய்யாது" என்று அதையும் தள்ளிவிட்டார் பாத்திரக்கடைக்காரர். கடைசியில் நான் சாப்பிட்டேன். எனக்கு நாக்கு மரத்து, கண்ணில் நீர் கொட்டி, "ஒண்ணும் செய்யல பாருங்க" என்று சொல்ல வாயைத் திறந்தால் வார்த்தை வழுக்கிக்கொண்டு போகிறது.

அவர் என்னையே பார்த்தார். பிறகு நாற்காலியைச் சுவரோரமாக இழுத்துப் போட்டு, வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "சரி, மூணு பேரும் தின்னுட்டிய. சாயங்காலம் வரைக்கும் இங்கனயே இருந்து, மூணு பேரும் நல்லா இருக்கியளான்னு பாத்துட்டு அப்புறம் நாங்க சாப்பிடுதோம்."

ஒன்றுமே ஆகாதவர்

செங்கோட்டைக்கு அப்பால் இருந்து வந்த ஒரு மலையாளி லாரி டிரைவர், சட்னியைத் தொட்டுக்கொள்ளவில்லை. கிண்ணத்தோடு தூக்கிக் குடித்தார். நான் தண்ணீர்ச் செம்போடு பக்கத்திலேயே நின்றேன். கண் கலங்கவில்லை. மூக்கு ஒழுகவில்லை. கன்னத்தைத் தொட்டுப் பார்க்கவும் இல்லை. எனக்கு இப்போது புதிய பயம் பிடித்துக்கொண்டது. ஒருவேளை இந்த மனிதருக்கு ஏற்கெனவே உடம்பு பூராவும் மரத்துப் போயிருக்கிறதோ? அவர் காலிக் கிண்ணத்தை என்னிடம் நீட்டிச் சொன்னார்: "இது போரா சேச்சி, இன்னும் கொஞ்சம் எரிவு வேணம்."

சைரன்

கல்லூரிப் பெண்கள் கூட்டமாக வந்திருந்தார்கள். அதில் ஒருத்திக்கு உதடு மரத்ததும், பக்கத்தில் இருந்தவள் போனில் எதையோ தேடிப் படித்தாள். படித்தவள் முகம் வெளுத்துவிட்டது. அடுத்தவளிடம் காட்டினாள், அவளும் வெளுத்தாள். நான் போய் விஷயத்தைச் சொல்வதற்குள் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டார்கள். சீசன் நேரம், சனிக்கிழமை, சாலை முழுக்க வண்டி. அத்தனையையும் விலக்கிக்கொண்டு சைரன் அலறியபடி ஆம்புலன்ஸ் வந்து எங்கள் கடை வாசலில் நிற்கிறது. கட்டடக்காரர் வீடு இருக்கிற தென்காசி வரைக்கும் அந்தச் சத்தம் கேட்டிருக்கும் என்றே எனக்குத் தோன்றியது. அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன்.

ஆம்புலன்ஸில் வந்த தம்பி அந்தப் பெண்ணின் நாடியைப் பார்த்தார், பிரஷர் பார்த்தார், கண்ணில் விளக்கடித்தார். அவள் வெட்கத்தில் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். பிறகு அவர் விரல் நுனியில் சட்னியைத் தொட்டு நாக்கில் வைத்தார். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். போகும்போது என் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "யக்கா, ஒரு பிளேட்டு பார்சல் கட்டுங்க. சட்னி எனக்கு மட்டும் போதும், அந்தா இருக்காருல்லா டிரைவர், அவரு வண்டி ஓட்டணும்."

போர்டு

இதற்கு மேல் என் இருதயம் தாங்காது என்று, தென்காசியில் சொல்லி ஒரு போர்டு அடித்து மாட்டினேன். 'நாக்கு மரத்தால் பயப்பட வேண்டாம். அரை மணி நேரத்தில் சரியாகிவிடும்.' சிவப்பு எழுத்து. மாட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோது எனக்கே லேசாகப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் வேலை செய்தது. யாராவது கன்னத்தைத் தொட்டால் நான் போர்டைக் காட்டுவேன், அவர் சிரிப்பார், பக்கத்து மேசையும் சிரிக்கும். வாடிக்கைக்காரர்கள் புதிதாக வருகிறவர்களுக்கு அவர்களாகவே விளக்கம் சொல்ல ஆரம்பித்தார்கள். நானும் தினமும் சொல்லிச் சொல்லி, "அரை மணி நேரத்துல சரியாயிரும்" என்பது மூச்சு விடுவது போல ஆகிவிட்டது. கணவனோடு வாசல் வரை வந்து, போர்டைப் படித்துவிட்டுத் திரும்பிய ஒரு அம்மா சொன்னது மட்டும் இன்னும் காதில் இருக்கிறது: "வாங்க போயிருவோம், முன்னாடியே எழுதிப் போட்டிருக்காவன்னா முன்னாடி என்னமோ நடந்திருக்கு."

திருவேங்கடத்துக்காரர்

திருவேங்கடத்திலிருந்து வயதான தம்பதி வந்தார்கள். அவர் மானாவாரி விவசாயி. கறுத்து இறுகிய உடம்பு. மழை நல்லபடி பெய்திருந்ததால், ரொம்ப நாளைக்குப் பிறகு அருவிக்கு வந்திருப்பதாக அந்த அம்மா சொன்னார். ஆர்டர் சொல்லும்போது அவர் என்னிடம் தெளிவாகத்தான் பேசினார், "பட்டாளத்துக்காரர் கடையாமே" என்று விசாரித்தார். மோமோவும், கறித்துண்டு போட்ட சூடான நூடுல்ஸ் கஞ்சியும் கொண்டுபோய் வைத்தேன். கடை நிறைய ஆள். கொஞ்ச நேரத்தில் அந்த அம்மா கூப்பிட்டார்: "ஏம்மா, இவருக்கு வாய் மரக்குதாம்." நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சிரித்துக்கொண்டே போர்டைக் காட்டி, "அரை மணி நேரத்துல சரியாயிரும்மா" என்றேன். பக்கத்து மேசைகளும் சிரித்தன. அவரும் சிரித்தார்.

தண்ணீர் வைக்கப் போனபோதுதான் பார்த்தேன். சட்னிக் கிண்ணம் வைத்தது வைத்தபடி, மேலே ஏடு கட்டி, தளும்பத் தளும்ப இருந்தது. "அம்மா, இவங்க சட்னியத் தொட்டாவளா?" என்று கேட்டேன். "எங்கன? காரம்னாலே அவருக்கு ஆகாதே" என்றார். அவர் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். வாயின் ஒரு பக்கம் மட்டும்தான் சிரித்தது. வலது கையிலிருந்த கரண்டி வேட்டியில் விழுந்தது. விழுந்தது அவருக்குத் தெரியவில்லை. கடை நிறைந்த கூட்டத்தில் நான் இப்போது ஆஸ்பத்திரி என்று கத்தினால் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும். கத்தினேன். என் குரல் மாதிரியே இல்லை.

என் வீட்டுக்காரரும் பகதூரும் அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய் எங்கள் காரில் ஏற்றினார்கள். நல்லவேளையாக, அன்று நாக்கைத் தேடிய அதே போலீஸ்காரர் சாலையில் நின்றார். விசிலை வாயில் வைத்துக்கொண்டு தென்காசிப் பக்கம் வழி விலக்கிக்கொண்டே ஓடினார். எப்போது ஆரம்பித்தது என்று ஆஸ்பத்திரியில் கேட்டதாகப் போன் வந்தது. ஆர்டர் சொல்லும்போது நன்றாகப் பேசினார், சாப்பாடு வைத்த பிறகுதான் என்று சொன்னேன். போனை வைத்துவிட்டு நிமிர்ந்தால், பாதித் தட்டுகளோடு கடை காலியாகிக்கொண்டிருக்கிறது. வாசலில் ஒருவன் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எங்கள் போர்டையும் என்னையும் சேர்த்துப் படம் எடுத்தபடி பேசிக்கொண்டிருந்தான்: "பாருங்க மக்களே, நேபாளிக்காரன் சட்னியத் தின்னுட்டு இப்பதான் ஒரு பெரியவர் விழுந்துட்டாரு."

பகதூரின் பை

வீடியோ வாட்ஸப் வழியாக எங்களுக்கு முன்னால் தென்காசிக்குப் போய்விட்டது. சாயங்காலத்துக்குள் சொந்தக்காரர்களே போன் செய்து "எத்தனை பேரு?" என்று கேட்கிறார்கள். கடை வாசலில் சம்பந்தமில்லாத ஆட்கள் பத்துப் பதினைந்து பேர் நின்றுகொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார்கள். "சமைச்சவன வெளிய வரச் சொல்லுலே" என்று ஒரு குரல். ஷட்டரைப் பாதி இறக்கினேன். என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில். அதுவரை நான் பயந்ததெல்லாம் பயமே இல்லை. எனக்காகப் பயப்படுவது வேறு. இன்னொருவர் மேல் ஊரே கை வைத்துவிடுமோ என்று பயப்படுவது வேறு.

சமையலறைக்குப் போனால் அடுப்பெல்லாம் அணைந்திருக்கிறது. பகதூர் துணிமணியைப் பையில் வைத்து, கட்டி, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பட்டாளத்து வழக்கப்படி நண்பர் மனைவியை அவர் பாபி என்றுதான் கூப்பிடுவார். முகத்தைப் பார்க்காமல், அவருக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்: "பாபி, நான் ஓடினால் தப்பு செய்தவன். இருந்தால் அடி. எது நல்லதுன்னு நீங்க சொல்லுங்க, நான் அதைச் செய்யிறேன்."

சாவி

இருக்கச் சொல்லி, கூட்டம் கலைந்த பிறகு எங்கள் வீட்டுக்கே கூட்டிவந்தேன். மறுநாள் காலையில் கட்டடக்காரர் வீட்டுக்கு நானே தென்காசிக்குப் போய்ச் சாவியைக் கொடுத்தேன். அவர் ஒன்றும் திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால், மத்தியானம் வாசலில் பைக் சத்தம். எட்டிப் பார்த்தேன். யூனிஃபார்மில் ஒரு போலீஸ், முன்பின் பார்த்திராத ஆள். பகதூர் எழுந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். என் வீட்டுக்காரர்கூட எச்சில் விழுங்கியதைப் பார்த்தேன்.

வந்தவர் அந்தத் திருவேங்கடத்துப் பெரியவரின் மகன். டியூட்டியிலிருந்து அப்படியே கிளம்பி ஆஸ்பத்திரிக்கு வந்து, அங்கிருந்து எங்களிடம் வந்திருக்கிறார். மூளைக்குப் போகிற ரத்தக்குழாயில் அடைப்பாம். நேரத்தோடு கொண்டுவந்ததால் மருந்து போட முடிந்ததாம். பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புகிறதாம். நான் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதுவிட்டேன். அவர் என் வீட்டுக்காரரிடம் திரும்பிச் சொன்னார்: "அழுறத நிப்பாட்டச் சொல்லுங்க அண்ணாச்சி. அப்பா சட்னியத் தொடவே இல்லன்னு எங்கம்மா வார்டு பூரா சொல்லிட்டு இருக்கா. அந்த வீடியோ எடுத்தவன் எந்த ஊருக்காரன்னு மட்டும் சொல்லுங்க, நான் போயி விவரமா எடுத்துச் சொல்லுதேன்."

சாவி திரும்பியது

அதே வாட்ஸப்பில், வீடியோ எடுத்த அதே ஆள், வேர்த்து வடிய நின்று மறுப்பு வீடியோ போட்டான். இரண்டு நாள் கழித்துக் கட்டடக்காரர் குடையோடு எங்கள் வீட்டு வாசலில் நின்றார். சாவியை என் கையில் வைத்தார். ஏதோ நல்ல வார்த்தை சொல்லப் போகிறார் என்று நான் கையைக் கூப்பினேன். அவர் சொன்னார்: "கடையத் தொற. இனிமே யாரும் விழுறதா இருந்தா, ரோட்டுக்குப் போயி விழச் சொல்லு."

தின்னாத சட்னி

அடுத்த சீசனுக்கு அந்தப் பெரியவர் வந்தார். இடது கையில் கம்பு, வலது கையை மனைவி பிடித்திருந்தார். பேச்சு லேசாக இழுத்தது, மற்றபடி பழைய ஆள்தான். உட்கார்ந்ததும் மோமோவும் சட்னியும் கேட்டார். எனக்கு உயிரே போய்விட்டது. "அண்ணாச்சி, இட்லி வாங்கிட்டு வரச் சொல்லுதேன். பகதூர் வெறும் சோறும் பருப்பும் வைப்பாரு" என்று கெஞ்சினேன். காரம் ஆகாதே என்று அந்த அம்மாவும் மன்றாடினார். அவர் கேட்கவில்லை. "நான் சட்னி தின்னுதான் விழுந்தேன்னு எங்க ஊருல இன்னும் பாதிப்பேரு சொல்லுதான். தின்னாத சட்னிக்கு எம்புட்டு நாளு பேரு கெட்டுக் கிடக்கது? டாக்டர்ட்ட கேட்டுட்டுத்தான் வந்திருக்கேன். ஒரு வாயி தின்னுட்டுப் போறேன்" என்றார்.

கடையில் ஒருவரும் சாப்பிடவில்லை. பகதூர் அடுப்பை விட்டுவிட்டுச் சமையலறை வாசலில் வந்து நின்றார். என் வீட்டுக்காரர் கார் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டார். பெரியவர் இடது கையால் ஒரு மோமோவை எடுத்து, சட்னியில் முக்கி, வாயில் போட்டு மென்றார். மென்றவர் நிறுத்தினார். கண் விரிந்தது. கையை மெதுவாகத் தூக்கி வாயைத் தொட்டார். முதலில் இடது பக்கம். பிறகு வலது பக்கம். மறுபடி இடது. அந்த அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். நான் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பெரியவர் என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: "பயப்படாதம்மா. இந்தத் தடவ ரெண்டு பக்கமும் ஒண்ணு போல மரத்திருக்கு."

மற்ற கடைக்காரர்கள் சாப்பிட்டவருக்கு வயிறு நிறைந்ததா என்று முகத்தைப் பார்க்கிறார்கள். நான் இன்றைக்கும் ஒவ்வொருவரையும் ஒரு தடவை சிரிக்கச் சொல்லி, வாய் இரண்டு பக்கமும் சரியாகப் போகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பில்லைக் கையில் கொடுக்கிறேன்.